களத்து நாய்கள்

சேலம்–விருத்தாசலம் பாதையில் மீட்டர் கேஜ் வண்டி ஓடிய காலம். ஆத்தூர் ஸ்டேஷன் பக்கம் அது ஊதினால் போதும், சேகோ மில் களத்து நாய்கள் நாலும் மூஞ்சியை வானத்துக்குத் தூக்கிவிடும். தொடங்கி வைப்பது டைகர். பேர்தான் டைகர், குரல் என்னவோ குட்டியைத் தொலைத்த ஆட்டின் குரல். பின்னாலேயே ஜிம்மி, ராமு. மணிக்கு அவசரமே கிடையாது. வண்டி போய், மற்றதெல்லாம் ஓய்ந்த பிறகு தனியாக ஒரு ஊளை விடும். அதைக் கேட்டு மூன்றும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

பங்குனி உத்திரத்துக்கு மில் வாச்மேன் தாத்தா வடசென்னிமலை கிளம்பினால் இதுகள் என் பொறுப்பு. "சாமி, களியைக் கரைச்சு ஊத்திரு. பூனையைப் பத்திக் கவலைப்படாத, அது உன்னையப் பாத்துக்கும்" என்பார். எங்கள் அம்மாயி வீட்டுக் களிச்சட்டியோடு நான் போய் நிற்பேன்.

குச்சிக்கிழங்கை அரைத்துப் பாலெடுத்து, தொட்டியில் தெளியவைத்து, அடியில் தங்கும் மாவைக் குருணையாக உருட்டி, வறுத்து, சிமெண்டுக் களத்தில் காயப்போடுவார்கள். பங்குனி வெயிலில் அந்த வெள்ளையைப் பார்த்தால் கண் கூசும். ஆடும் காக்காயும் அண்டாமல் இருக்க நாய்கள். மூட்டைகளுக்கு எலி வராமல் இருக்கப் பூனை. காய்ந்த ஜவ்வரிசி சேலத்துக்கு, 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுக்கு ஏலத்துக்குப் போகும். அங்கே மாதிரியில் ஒரு நாய் மயிர் தட்டுப்பட்டால் தீர்ந்தது என்று முதலாளிக்குப் பயம். அதனால் களத்தில் கால் வைக்கக் கூடாதென்று நாய்களைப் பழக்கி வைத்திருந்தார் தாத்தா.

பூனைக்கு இது தெரியும். அங்கேதான் வினையே.

வாலை நட்டுக்கொண்டு நடுக்களத்துக்குப் போகும். ஒட்டிய குருணையை ஒவ்வொரு காலாக உதறும். பிறகு உட்கார்ந்து, பின்னங்காலை மேலே தூக்கி, சாவகாசமாக நக்க ஆரம்பிக்கும். நாலு ஓரத்திலும் நாலு நாய்கள் தொண்டை கிழியக் குலைக்கும். ஒன்றும் உள்ளே வராது. எல்லாக் கண்ணும் பூனைமேல் இருக்க, கிழக்கு மூலையில் காக்காய்கள் வயிறாரத் தின்னும். பூனையைத் தூக்கலாமென்று நான் ஒரு எட்டு வைத்தால், கிளறிக்கொண்டிருக்கும் அக்கா குரல் கொடுப்பாள்: "டேய், களத்துல கால வெச்சே, ஒடிச்சிருவேன்!" பூனையை மட்டும் யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

நாலு கழுத்திலும் மூட்டை தைக்கிற சணல் கயிறு இருக்கும். அழகுக்கு இல்லை. தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்ற மத்திய விதிகள் 2001-இல்தான் வந்தன. அதற்கு முன்னால் நாய் பிடிக்கிற வண்டியில் ஏறியது திரும்பாது. கயிறு இருந்தால் ஆள் உள்ள நாய் என்று விட்டுவிடுவார்கள். ராமுவுக்குக் கயிறு என்றால் ஆகாது, ஓயாமல் கடித்துக்கொண்டே இருக்கும். ஒரு ஐப்பசியில் அதைக் காணோம். அதற்கப்புறம் ரயில் வண்டி ஊதும்போது ஜிம்மியை அடுத்து ஒரு சின்ன இடைவெளி விழும்.

இப்போது சேலத்தில் அண்ணன் மகன் லேப்ரடார் வளர்க்கிறான். வெளியூர் போகும்போது என்னிடம் விட்டுவிட்டு, எத்தனை கிராம் தீனி, எப்போது நடை என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். தங்கமான நாய், சத்தமே போடாது. எனக்குத்தான் பொழுது போகவில்லை.

2005-இல் அஞ்சல்துறை நம் நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. ராஜபாளையம் அதில் இருந்தது. மணி என்ன இனம் என்று தாத்தாவை முன்பொருமுறை கேட்டிருக்கிறேன். மலையிலிருந்து கொண்டுவந்த பொரியை அதற்கு அள்ளிப் போட்டுக்கொண்டே, "மில்லு இனம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நல்லாக் கொலைச்சுதுங்களா?"

"தொண்ட கட்டுற வரைக்கும், தாத்தா."

"பூனை நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார்.