வண்டி எப்போது நிற்கிறது?

வண்டிப் பழுது ஆண்கள் விடயம் என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். முன் ஆசனத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருபவர்கள் நாம்தானே! ஓட்டுபவரின் கவனம் வளைவில் இருக்கும். எஞ்சின் எந்த இடத்தில், எப்படி நின்றது என்பதைக் கவனித்து வைக்க நமக்குத்தான் வசதி.

எங்களிடம் இருப்பது பழைய டீசல் பிக்கப். ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வரை தோட்டத்துக் கடைகளுக்குச் சாமான் போடுவது அதில்தான். அது திடீரென்று ஏற்றங்களில் நிற்கத் தொடங்கியது. ஒரு கராஜில் டீசல் பம்பையே மாற்றச் சொல்லிவிட்டார்கள். அந்தச் செலவுக்கு என் கைவளையல்தான் வழி!

நான் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் குறிக்க ஆரம்பித்தேன். காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. அரை மணி நேரம் குறையில்லை. பிறகு ஏற்றத்தில் திணறித் திணறி நிற்கிறது. பத்து நிமிடம் விட்டால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்புகிறது. இதை வாசித்த வயதான பாஸ் ஒருவர் பம்பைத் தொடவே இல்லை. “அடுத்த முறை நின்றதும் டாங்கி மூடியைத் திறந்து காது கொடுங்கள்” என்றார்.

திறந்தோம். ‘உஸ்’ஸென்று காற்று உள்ளே போனது! டீசல் குறையக் குறைய, அந்த இடத்துக்கு மூடியிலுள்ள சிறு துவாரம் வழியே காற்று வரவேண்டும். துவாரம் சேற்றால் அடைபட்டிருந்தது. பம்ப் உறிஞ்சியும் டீசல் வரவில்லை. மூடியை மாற்றியதோடு சரி, அல்ஹம்துலில்லாஹ்.

எல்லா வண்டிக்கும் மூடிதான் காரணம் என்று எண்ணாதீர்கள். காலையில் ஸ்டார்ட் ஆகி, சற்று நேரத்தில் நின்றால், டீசல் குழாய் மூட்டில் காற்று நுழைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சாவியைத் திருப்பியதுபோல் பட்டென்று நின்றால் பம்புக்குப் போகும் வயரைப் பார்க்கவேண்டும். 2022 தட்டுப்பாட்டில் எத்தனை வீடுகளில் கேன்களில் டீசல் சேர்த்தோம்! அப்படி வைத்ததில் தண்ணீர் சேரும். பில்டரின் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிப் போத்தலில் வடித்து வைத்தால் தண்ணீர் கீழே தனியாகத் தங்கும்.

பெற்றோல் வண்டியென்றால் நமது பனிமூட்டமே எதிரி. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் கசிந்தால் எஞ்சின் தடுமாறும். காய்ந்த துணியால் துடைத்தாலே போதும். கொழும்பில் சரிசெய்த காபரேட்டரும் இங்கே கறுப்புப் புகை தள்ளலாம். 1868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு.

இறக்கம்தான் எனக்குப் பயம். ராதெல்லைப் பாதையில் 2023 ஜனவரி 20இல் ஏழு உயிர்கள் போனதை நாம் மறக்கவில்லை. எண்ணெய் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி உருட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் இருந்தால் சண்டை போட்டாவது தடுங்கள்! எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு இருக்கும் உதவியும் நின்றுவிடும். இரண்டு மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். தானாக நின்றுவிட்டாலும் கியரை எடுக்க விடாதீர்கள். பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்தி ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக் போடச் சொல்லுங்கள். நீங்கள் பிள்ளைகளோடு மலைப்பக்கமாக இறங்குங்கள். சில்லுக்கு வைக்கும் கட்டை பின்னால் சாமான்களுக்கு அடியில் அல்ல, உங்கள் காலடியிலேயே இருக்கட்டும்.