தயிர் டப்பாவும் ஒரு தேமலும்

1/
தண்ணிக்கு அடியில படம் எடுக்குற ஃப்ளாஷுக்கு தயிர் டப்பாவுல மூடி செஞ்ச கதை இது. அதுக்கும், தோல்ல வர்ற வெளுத்த படைக்கும் என்ன சம்பந்தம்னு கடைசியில சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட். டீயோட உக்காருங்க.

2/
நம்ம ஊர் குன்றாண்டார்கோவில். பாறை உண்டு, குடைவரைக் கோவில் உண்டு, கடல் கிடையாது. ஆனா மாவட்டத்துக்கு கடல் இருக்கு. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி எல்லாமே பாக் விரிகுடா கரை. 2022ல தமிழ்நாடு அரசு அறிவிச்ச, நாட்டின் முதல் கடற்பசு பாதுகாப்பகம் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடல்லதான் இருக்கு. 448 சதுர கிலோமீட்டர். லீவு கிடைச்சா மீனவ நண்பர் ஒருத்தரோட போய், முகமூடி மாட்டிக்கிட்டு கடல்புல்லையும் குட்டி மீன்களையும் படம் எடுப்பேன். டூட்டி டென்ஷனுக்கு அதுதான் மாத்திரை.

3/
தண்ணிக்குள்ள ஃப்ளாஷ் எதுக்கு? தண்ணி முதல்ல சிவப்பு நிறத்தை விழுங்கிடும். அஞ்சாறு மீட்டர் இறங்கினாலே சிவப்பு மீன் சாம்பல் கலரா தெரியும். நிறம் திரும்பி வரணும்னா வெளிச்சத்தை நாமதான் கொண்டு போகணும்.

1926ல அமெரிக்காவின் புளோரிடா பக்கம் லாங்லி, மார்ட்டின்னு ரெண்டு பேர் கடலடியில முதல் கலர் படங்களை எடுத்தாங்க. தண்ணி மேல ஒரு மிதவை, அதுல மெக்னீசியம் பொடி, அதை வெடிக்க வச்சு வெளிச்சம். அந்தப் பொடி ஒரு தடவை தவறி வெடிச்சு லாங்லிக்கு பலத்த தீக்காயம். இன்னிக்கு நாம கையடக்க ஃப்ளாஷ் வச்சிருக்கோம். கொடுத்து வச்சவங்க.

4/
ஆனா ஃப்ளாஷ் வெளிச்சம் முரட்டு வெளிச்சம். சின்ன இடத்துலேர்ந்து பாயும். மீனோட செதில்ல பட்டு அந்த இடமே வெள்ளையா வெந்து போகும். பின்னாடி கன்னங்கரேல்னு நிழல் விழும். இதைத் தடுக்க ஃப்ளாஷ் முன்னாடி பால் நிற பிளாஸ்டிக் மூடி போடுவாங்க. அதுதான் டிஃப்யூசர். வெளிச்சத்தைச் சிதறடிச்சுப் பரப்பிவிடும். கடையில கேட்டா ஆயிரக்கணக்குல விலை சொன்னாங்க. சரி, நாமளே செய்வோம்னு இறங்கிட்டேன்.

5/
டாக்டர் மூளை முதல்ல எங்க போகும்? சலைன் பாட்டில்! அரை வெள்ளை, வளைவு, பொருத்தமா இருக்கும். ஆனா கூடாதுங்க. பயன்படுத்தின பாட்டில் மருத்துவக் கழிவு. 2016 விதிப்படி சிவப்புப் பைக்குத்தான் போகணும், வீட்டுக்கு வரக்கூடாது. அதனால தயிர் டப்பா.

6/
டப்பா தேர்ந்தெடுக்க ஒரு சுலபமான சோதனை. மொபைல் டார்ச்சை பின்னாடி பிடிங்க. பல்பு புள்ளியா தெரிஞ்சா பிளாஸ்டிக் ரொம்ப மெலிசு. வெளிச்சமே வரலைன்னா ரொம்ப தடிமன். டப்பா முழுக்க ஒரே சீரா ஒளிர்ந்தா அதுதான் சரி. மஞ்சள் படிஞ்ச டப்பா வேண்டாம், படமும் மஞ்சளா வரும். ஒரு வெள்ளைத் தாளை மூடி போட்டும் போடாமலும் எடுத்துப் பார்த்தா இது தெரிஞ்சிடும்.

7/
செய்முறை:
அடிப்பக்கம் ரெண்டு மூணு சென்டிமீட்டர் குழிவா வர்ற மாதிரி வெட்டிக்கோங்க. ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க, இல்லேன்னா விரலை வெட்டும்.
மேலயும் கீழயும் நாலு ஓட்டை. இது முக்கியம். தண்ணி உள்ள போகணும், காத்து வெளிய வரணும். உள்ள காத்து தங்கினா மூடி மிதக்கப் பார்க்கும், படத்துலயும் வெளிச்சம் திட்டுத்திட்டா விழும்.
பழைய சைக்கிள் டியூப்பை வளையமா வெட்டி ஃப்ளாஷோட இறுக்கிடுங்க. கேமராவோட சிக்னலை வாங்குற சென்சாரை மட்டும் மறைச்சுடாதீங்க.
ஒரு நைலான் கயிறு கட்டாயம். கழண்டா கடலுக்கு இன்னொரு பிளாஸ்டிக் குப்பை.

8/
இதுக்கு ஒரு விலையும் உண்டு. என் டப்பா பாதி வெளிச்சத்தைத் தின்னுடுச்சு. ஃப்ளாஷ் சக்தியை ரெண்டு மடங்காக்கணும், இல்லேன்னா எஃப் 11ல எடுத்ததை எஃப் 8ல எடுக்கணும். பேட்டரி சீக்கிரம் தீரும்.

இன்னொண்ணு, கலங்கல் தண்ணியில படம் முழுக்கத் தெரியுற வெள்ளைப் புள்ளிகளை இது போக்காது. அது லென்சுக்கு முன்னாடி மிதக்குற தூசு மேல வெளிச்சம் படுறதால வர்றது. அதுக்கு ஃப்ளாஷை லென்சை விட்டு நல்லாத் தள்ளி, பக்கவாட்டுல வைக்கணும்.

9/
கடலுக்குப் போறதுக்கு முன்னாடி எங்க தோட்டத்துக் கிணத்துல சோதனை. மேல காவலுக்கு சித்தப்பா. (தனியா கிணத்துல இறங்காதீங்க.)

"என்னப்பா, தயிர் டப்பாவ கட்டிக்கிட்டு கெணத்துல எறங்குற? டாக்டருக்குப் படிச்சது இதுக்குத்தானா?"

"மீனைப் படம் பிடிக்கப் போறேன் சித்தப்பா."

"குழம்பு வைக்கிற அளவு மீன் இருந்தா சொல்லு."

இருந்தது கொசுப்புழு தின்னுறதுக்காக விட்ட கம்பூசியா. விரல் நீளம்கூட இல்லை.

10/
ராத்திரி ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேன். மூடி இல்லாத படத்துல மீன் வயிறு வெறும் வெள்ளைத் தாள். மூடி போட்ட படத்துல செதில் தெரியுது, செதிலுக்கு நடுவுல இருக்குற சாம்பல் நிறமும் தெரியுது. அதே மீன், அதே தண்ணி.

அப்பதான் வயித்துல ஒரு பிசைவு. இந்த வெள்ளையை நான் வேற எங்கேயோ பார்த்திருக்கேன்.

11/
ரெண்டு மாசம் முன்னாடி ஒரு அம்மா முன்கையில வெளுத்த படையோட வந்தாங்க. சாயங்காலம், மங்கின வெளிச்சம், வெளிய கூட்டம். கையில தேங்காய் எண்ணெய் வேற தடவியிருந்தாங்க. மொபைல் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்து, தோல் மருத்துவரான சீனியருக்கு அனுப்பினேன். "தேமல் மாதிரி இருக்கு தம்பி, உணர்ச்சி பாத்துக்க"ன்னு பதில் வந்துச்சு. முதல் பாதியைப் படிச்சேன். களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பிட்டேன். தப்பு முழுக்க என்னோடது.

12/
மொபைல்ல அந்தப் படத்தைத் தேடி எடுத்தேன். படையோட நடுப்பகுதி தோலே இல்லை, எண்ணெய் மேல பட்ட ஃப்ளாஷ். நாங்க ரெண்டு பேரும் பார்த்தது மீன் வயித்தைத்தான்.

13/
மறுநாள் கிராம சுகாதார செவிலியர் மூலமா அவங்களை வரச் சொன்னேன். எண்ணெயைத் துடைச்சு, ஜன்னல் ஓரமா உக்கார வச்சு, ஃப்ளாஷ் இல்லாம பார்த்தேன். விளிம்பு தெளிவா தெரிஞ்சுது. கண்ணை மூடச் சொல்லி பஞ்சு நுனியால தொட்டேன். சுத்தி தொட்ட இடத்தையெல்லாம் சரியா காட்டினாங்க. படை மேல தொட்டப்போ அசையவே இல்லை. முழங்கை நரம்பும் தடிச்சிருந்துச்சு.

"அடுப்புல சூடு பட்டாகூட தெரியல தம்பி. வயசாயிடுச்சுல்லன்னு நெனச்சேன்" அப்படின்னாங்க.

14/
தொழுநோய். பயப்படாதீங்க, முழுசா குணமாகும். கூட்டு மருந்து அரசு மருத்துவமனையில இலவசம். வகையைப் பொறுத்து 6 மாசம் அல்லது 12 மாசம். மருந்து ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே மத்தவங்களுக்குப் பரவுறது நின்னுடும். ஆனா நரம்பு ஒரு தடவை கெட்டுப்போச்சுன்னா விரல் மடங்கிடும், அதைத் திரும்பக் கொண்டு வர்றது கஷ்டம். இந்த நோய்ல ரெண்டு மாசம் சும்மா ரெண்டு மாசம் இல்லை.

அவங்க விரல்கள் இன்னிக்கு நல்லா இருக்கு. அதை நான் என் திறமைன்னு சொல்லிக்க மாட்டேன். தப்பிச்சேன், அவ்வளவுதான்.

15/
கடைசியா உங்களுக்கு. டாக்டருக்கு வாட்ஸ்அப்ல தோல் படம் அனுப்பினா ஃப்ளாஷை அணைச்சுடுங்க. எண்ணெய், பவுடர் துடைச்சுடுங்க. பகல்ல ஜன்னல் பக்கம் நின்னு, தூரத்துலேர்ந்து ஒண்ணு, கிட்டத்துலேர்ந்து ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு எடுங்க.

எவ்வளவு நல்ல படமும் தொட்டுப் பார்க்காது. வெளுத்த இல்லேன்னா சிவந்த படை இருந்து, அங்க தொடு உணர்ச்சி குறைஞ்சிருந்தா, நேரா பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்க. உங்க டாக்டர் தொட்டுப் பார்க்கலைன்னா, "தொட்டுப் பாருங்க சார்"னு நீங்களே கேளுங்க. கோவிச்சுக்க மாட்டோம்.

16/
தயிர் டப்பா இன்னும் கேமரா பையிலதான் இருக்கு. அதோட சோடி டப்பா என் ஓ.பி. மேசையில இருக்கு. உள்ள பஞ்சு வச்சிருக்கேன்.