மனிதரிடம் அழுவேன்

"பகுத்தறிவு பேசுகிறாயே, துன்பம் வந்தால் யாரிடம் போய் அழுவாய்?"

தந்தை மறைந்த மறுவாரம், முற்றம் நிறைய உறவினர் கூடியிருந்தபோது பெரியப்பா கேட்டார். மந்திரம் வேண்டாம், கருமாதி வேண்டாம், தாலியறுக்கும் கொடுமை வேண்டவே வேண்டாம் என்று நான் மறுத்ததற்குக் கிடைத்த கேள்வி அது. சடங்குகளைத் தடுத்தேன், வென்றேன். ஆனால் அந்தக் கேள்விக்கு விடை அன்று என்னிடம் இல்லை.

அன்னை அழவில்லை. அதுதான் என்னை வாட்டியது. வடித்த சோறு ஆறிக் கிடக்கும். அவள் சுவரைப் பார்த்தபடி இருப்பாள். நானும் உறங்காது கிடப்பேன். அத்தகைய இரவொன்றில், கைப்பேசியில் தற்செயலாக ஒரு பாட்டைக் கேட்டேன்.

கதை முழுவதையும் பாட்டாலேயே நடத்திக் காட்டும் நாடகத்தை மேலைநாட்டார் ஓப்பரா என்பர். இத்தாலியின் மாந்துவா நகரில் 1607இல் அரங்கேறியது மான்டெவெர்டியின் 'ஆர்ஃபியோ'. மணநாளன்றே மனைவி மாண்ட செய்தி பாடகன் ஆர்ஃபியோவை எட்டுகிறது. அவன் அலறவில்லை. குரல் தாழ்ந்து, விட்டு விட்டு வருகிறது. பிறகே மெல்ல எழுகிறது. மொழி எனக்குப் புரியவில்லை, துயரம் புரிந்தது. நானூறு ஆண்டுகளுக்கு முன்பே யாரோ என் நெஞ்சை அறிந்து வைத்திருந்தார்! அன்றுதான் அழுதேன்.

அன்னைக்கு அந்தப் பாட்டு எட்டுமா? எட்டாவிட்டால் என்ன, நமக்கும் இசை நாடகம் உண்டே! 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிக் குவித்த நாடகங்கள் தென்மாவட்டங்களில் இன்றும் விடிய விடிய நடக்கின்றன. சித்திரையில், சின்னமனூருக்கு அருகே ஒரு சிற்றூரில் 'கோவலன் சரித்திரம்' என்ற சுவரொட்டியைக் கண்டேன். அன்னையை அழைத்துச் சென்றேன். ஆண்டு திரும்புமுன் கைம்பெண் கூத்துப் பார்ப்பதா என்று ஊர் முணுமுணுத்தது. முணுமுணுக்கட்டும்!

பபூன் சிரிக்க வைத்தார். ஆர்மோனியம் இழைந்தது. விடியலுக்குச் சற்று முன், வெட்டுண்ட கோவலனைக் கண்டு, கண்ணகியாக நின்ற ஸ்திரீபார்ட் குரலெடுத்தார். மணலில் அமர்ந்திருந்த அன்னை என் கையைப் பற்றினாள், விம்மினாள், வாய்விட்டு அழுதாள். முன்பின் அறியாத மூதாட்டி ஒருவர் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார். சாதி கேட்கவில்லை, தீட்டுப் பார்க்கவில்லை.

அந்த மேடையும் குற்றமற்றதன்று. 1886இல் சிவகாசியில், முடிதிருத்துவோர் குடும்பத்தில் பிறந்த விசுவநாத தாஸ், விடுதலைப் பாட்டுப் பாடிச் சிறை புகுந்தவர். அவரோடு சோடி சேர்ந்து நடிக்க, சாதியைக் காட்டி மறுத்த நடிகையர் உண்டு. ஆயினும் பாடினார். 1940 டிசம்பர் 31இல், சென்னை மேடையில் பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. சாதி விலக்கிய அவரை இசை விலக்கவில்லை.

"புராணக் குப்பையிலா ஆறுதல் தேடினாய்?" என்று நம் தோழர்கள் சிலர் நகைத்தனர். தோழர்களே, கேளுங்கள்! ஆர்ஃபியோவின் முடிவில் அப்பல்லோ என்னும் கடவுள் இறங்கி வந்து, அவனை வானுலகுக்கு அழைத்துச் செல்கிறார். அந்த அப்பல்லோவை இத்தாலி மக்கள் கைவிட்டுப் பல நூற்றாண்டுகள் ஆயின. கடவுள் போனார், பாட்டு நின்றது. ஏன்? கடவுள் மனிதன் கட்டிய கதை. கண்ணீரோ மனிதன் பட்ட பாடு!

மதுரையை எரித்த கண்ணகி, வையைக் கரை வழியே மேற்கே நடந்து மலையேறினாள் என்கிறது சிலப்பதிகாரம். அந்த மலை எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூருக்கு மேலே இருப்பதாக நம்பி, சித்திரை முழுநிலவன்று மக்கள் மங்கலதேவிக் கோட்டம் ஏறுகின்றனர். கற்பூரம் கொளுத்துவோர் கொளுத்தட்டும். எனக்கு அவள் தெய்வமல்லள். கணவனைப் பறிகொடுத்துக் கொற்றவனிடம் நீதி கேட்ட பெண். என் அன்னையைப் போல் ஒரு பெண்.

பெரியப்பாவுக்கு இப்போது என்னிடம் விடை உண்டு. மனிதரிடம் அழுவேன், மனிதர் ஆக்கிய இசையிடம் அழுவேன்.

காலையில் அடுப்படியில் அன்னை ஏதோ பாடுகிறாள். எட்டிப் பார்த்தேன். கண்ணகியின் பாட்டுத்தான். நெற்றியில் பொட்டு இருக்கிறது.