மிள்மார்

விருதுநகரில் செம்மண் தளமொன்றில் சென்ற ஆண்டு ஆவணி மாதம் பள்ளி மாணவர்க்கான டென்னிஸ் போட்டி நடைபெற்றது. நம் தம்பியின் மகன் அதில் ஆடினான். பதினைந்து வயது. முதல் செட்டை 6–3 என வென்றவன், இரண்டாவதன் நடுவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கத் தரையில் அமர்ந்துவிட்டான். ஆட்டம் எதிராளிக்குப் போயிற்று. காரணம் அவனல்லன், நாமே.

முந்திய இரவு சிவகாசியில் உறவினர் இல்லத் திருமணம். “நாளை ஓடி ஆட வேண்டியவன், உடம்பில் தெம்பு வேண்டாமா?” என்று சொல்லி, பிரியாணியும் தால்ச்சாவும் அவன் தட்டில் இரு முறை நாமே அள்ளி வைத்தோம். “போதும் பெரியத்தா” என்றான், கேட்டோமில்லை. வீடு திரும்புகையில் நள்ளிரவு கடந்துவிட்டது. காலையில் தளத்தில் இறங்கும் தறுவாயில் அவன் தோளைப் பிடித்து, “குடும்பத்தின் பெயர் உன் கையில் இருக்கிறது” என்றும் சொல்லியனுப்பினோம். வயிற்றை இரவிலும் உள்ளத்தைக் காலையிலும் நிரப்பியாயிற்று. வெயிலோ கரிசல் காட்டு வெயில்.

சில நாள்களுக்குப் பின் புகாரி ஓதுவித்துக்கொண்டிருந்தபோது குதிரைப் பந்தய ஹதீஸ் வந்தது. பெருமானார் (ஸல்) அவர்கள், பயிற்றப்பட்ட குதிரைகளை ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஐந்தாறு மைல் ஓடச் செய்தார்கள்; பயிற்றப்படாதவற்றை அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரு மைல் மட்டுமே. பந்தயத்தில் கலந்துகொண்டவருள் இப்னு உமர் (ரலி) அவர்களும் ஒருவர். அப்பயிற்சிக்குத் ‘தள்மீர்’ என்று பெயர். முதலில் நிறையத் தீனியிட்டுக் கொழுக்க வைப்பர். பின்னர் தீனியைக் குறைத்து, கொட்டிலில் அடைத்து, போர்வை போர்த்தி வியர்க்க விடுவர். கொழுப்புக் கரைந்து தசை இறுகும். இதற்கு நாற்பது நாள் என்று அகராதி கூறும். பயிற்சி நடக்கும் இடத்திற்கு ‘மிள்மார்’ என்று பெயர்; பந்தயக் களத்திற்கும் அதுவே பெயர். ளாத், மீம், ரா என்னும் அதே வேரில்தான் ‘ளமீர்’ பிறக்கிறது. நஹ்வு ஓதியோர்க்கு அது பிரதிப்பெயர். மற்றோர்க்கு உள்ளத்தில் மறைந்திருப்பது. உடல் மெலிவதற்கும் உள்ளத்தின் மறைபொருளுக்கும் ஒரே வேர்! பல்லாண்டுகளாக இச்சொல்லைக் கற்பித்த நாம்தாம் பந்தயத்திற்கு முந்திய இரவில் தீனியைக் கூட்டினோம்.

இதைத் தம்பியிடம் கூறினோம். பட்டாசு ஆலையில் மருந்து கலப்பவன் அவன். “மருந்து அறைக்குள் போகுமுன் வாசலில் செம்புத் தகட்டைத் தொடுவோம், அண்ணே. உடம்பில் தேங்கிய மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். அதை உள்ளே கொண்டு போனால் உயிருக்கு ஆபத்து” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

ராமநாதன் கிருஷ்ணனைப் பற்றிப் பையன்தான் நமக்குச் சொன்னான். 1937இல் நாகர்கோவிலில் பிறந்து, தந்தையிடமே ஆட்டம் பயின்று, 1960, 1961 ஆகிய ஈராண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி கண்டவர். 1966இல் கல்கத்தாவில் பிரேசிலுடன் டேவிஸ் கோப்பைப் போட்டி. இரு நாடுகளும் 2–2 எனச் சமமாக நிற்க, கடைசி ஆட்டத்தில் தாமஸ் கோச் என்பாரை எதிர்த்தார். மூன்று செட்டில் இரண்டை இழந்து, நான்காவதில் 2–5 எனப் பின்தங்கியிருந்தவர், அங்கிருந்து 7–5, 6–2 என வென்றார். “அந்நேரம் அவர் மனத்தில் என்ன இருந்திருக்கும்?” என்று கேட்டோம். “அவர் தோளைப் பிடித்து யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள், பெரியத்தா” என்று சிரித்தான்.

இவ்வாண்டுப் போட்டிக்கு முன் அவன் செய்தவற்றைத் தள்ளியிருந்தே பார்த்தோம். முந்திய நாள் பயிற்சியைப் பாதியாக்கினான். மட்டையின் பிடிக்குப் புதிய நாடா சுற்றினான். இஷா தொழுததும் உறங்கினான். பத்து மணி ஆட்டத்திற்கு ஏழு மணிக்கே இட்லியும் வாழைப்பழமும் உண்டான்; பின்பு உப்பிட்ட மோரைச் சிறுகச் சிறுகப் பருகினான். கயிறு தாண்டி, மெதுவான பந்துகளை அடித்து உடலைச் சூடேற்றினான். சற்று நேரம் கண்மூடி அமர்ந்தான். என்ன ஓதினான் என்று கேட்க நா துடித்தது; கேட்கவில்லை. வேப்ப மரத்தடியில் வாய் மூடி அமர்ந்திருந்தோம். ஆசிரியத் தொழில் செய்தவர்க்கு அது எளிதன்று.

அன்று வென்றான். மறுநாள் அரையிறுதியில் மூன்று செட்டும் நின்று ஆடித் தோற்றான். கால் இழுக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தவாறே நம்மிடம் வந்து, “பெரியத்தா, இனி பிரியாணி சாப்பிடலாமா?” என்றான்.