3,199 ரூபாய் டிக்கெட்

நான் எதற்கும் கணக்கு எழுதி வைக்கிறவன். மத்திய அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவிலேயே காலம் தள்ளிய பழக்கம், ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை.

2022-இல் என் அக்கா மகன் மும்பை செம்பூரில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினான். பெங்களூரிலிருந்து என் மகள் போன் செய்தாள். "அப்பா, மதுரை - மும்பை பிளேன் டிக்கெட் 3,199தான். ஒன்றரை நாள் ரயில்ல உக்காந்து முதுகை ஒடிச்சுக்காதீங்க." ரயிலில் மூத்த குடிமக்கள் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியதிலிருந்து எனக்கும் ரயில் மேல் ஒரு கோபம் உண்டு. சரி, போடு என்றேன்.

போய்ச் சேர்ந்த அன்றே நோட்டை எடுத்தேன். எனக்கும் மனைவிக்கும் டிக்கெட் 6,398. கன்வீனியன்ஸ் ஃபீ என்று 700. யாருடைய வசதிக்கு என்று தெரியவில்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார 500. நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களைக் காசு கொடுக்காவிட்டால் பிரித்து உட்கார வைத்துவிடுவார்களாம்! இருவருக்கும் சேர்த்து முப்பது கிலோ சாமான் கொண்டு போகலாம். அக்காவுக்கு என்று கருப்பட்டி, வடகம், நார்த்தங்காய் ஊறுகாய், அல்வா எல்லாம் சேர்ந்து முப்பத்து மூன்று ஆகிவிட்டது. கிலோவுக்கு 550 வீதம் 1,650. கருப்பட்டி வாங்கிய விலையைவிட அதைத் தூக்கிப் போகிற கூலி அதிகம். திருநெல்வேலியிலிருந்து மதுரை விமான நிலையத்துக்குக் கார் 3,500. அங்கே இரண்டு காப்பியும் இரண்டு சமோசாவும் 400. மும்பையில் இறங்கி செம்பூருக்கு டாக்ஸி 600. ஆகமொத்தம் 13,748. தலைக்கு 6,874. 3,199 எங்கே, இது எங்கே?

அக்காவிடம் நோட்டைக் காட்டினேன். "ஊறுகாயைத் தின்னுட்டு அப்புறம் கணக்குப் பாருடா" என்றாள்.

இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை என்பது பிறகு யோசித்தால் புரிந்தது. 2003-இல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கானை ஆரம்பித்தபோது கொண்டுவந்த வழிதான். சூர்யா நடித்த 'சூரரைப் போற்று' வந்த பிறகு அவர் கதை எல்லோருக்கும் தெரியும். விமானம் தரையில் நிற்கிற நேரமெல்லாம் நஷ்டம். அதனால் அரை மணியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முடிந்தவரை ஒரே வகை விமானமாக வாங்கினால் பைலட்டுக்கும் மெக்கானிக்குக்கும் ஒரே பயிற்சி போதும். சாப்பாடு, இருக்கை எல்லாம் தனித்தனி விலை. அவர் கொடுத்த ஒரு ரூபாய் டிக்கெட்டும் எல்லோருக்கும் அல்ல, முந்திப் பதிவு செய்த சிலருக்குத்தான். இடம் நிறைய நிறைய விலை ஏறும். ஆக, ஆறு மாதம் முன்பே ஊர் சுற்றத் திட்டமிடுகிறவனுக்குச் சல்லிசு. அவசரத்துக்கு ஓடுகிறவன்தான் மற்றவன் டிக்கெட்டுக்கும் சேர்த்துக் கொடுக்கிறான்.

அந்த அவசரம் எனக்கு 2024 ஜனவரியில் வந்தது. இரவு பத்தரைக்கு அக்கா மகன் பேசினான். "மாமா, அம்மாவை ஐசியுவில் வச்சிருக்கு. உங்களைக் கேக்குறாங்க." மறுநாள் டிக்கெட் 12,400. மகள் விலையைச் சொல்லிவிட்டுத் தயங்கினாள். போடு என்றேன்.

எங்கள் அப்பா இறந்தது 1983-இல். நான் டெல்லியில், அக்கா பம்பாயில். தந்தி என் கைக்கு வந்தபோது மத்தியானம். அன்று இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ரிசர்வேஷன் இல்லாமல் ஏறி, இரண்டு இரவும் ஒரு பகலும் கழித்து மெட்ராஸ். எழும்பூரிலிருந்து மீட்டர் கேஜ் வண்டியில் இன்னொரு இரவு. நான் வீட்டு வாசலில் இறங்கியபோது காடாற்றே முடிந்திருந்தது. மூத்த மகன் நான் இருக்க, தம்பி கொள்ளி வைத்திருந்தான். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எத்தனை நாள் ஐஸ் கட்டி வைத்துக் காத்திருப்பார்கள்? அக்கா எனக்கும் ஒரு நாள் பின்னால் வந்தாள். அப்பாவின் கட்டிலில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கும் விமானம் இருந்தது. ஆனால் அதற்கு என்ன விலை என்று கேட்கக்கூட எங்கள் இருவருக்கும் தோன்றியதில்லை. மந்திரியும் சினிமாக்காரரும் போகிற வண்டி அது.

இந்த முறை இரவு பத்தரைக்குச் செய்தி கேட்டவன், மறுநாள் மாலை நாலு மணிக்கு அக்கா படுக்கை அருகே நின்றேன். முகமூடியை விலக்கிவிட்டு, "சாப்பிட்டியா?" என்றாள். "ஆச்சு" என்றேன்.

"பிளேன்லயா வந்த? எவ்வளவு குடுத்த?"

"மூவாயிரம்."

"பரவால்லயே. ஆம்னி பஸ்காரனே தீபாவளிக்கு அவ்வளவு கேக்குறான்."

கருப்பட்டி கொண்டு வந்தாயா என்று கேட்டாள். கைப்பையோடு ஓடி வந்திருந்தேன். "அடுத்த தடவை" என்றேன்.

மூன்றாம் நாள் விடியற்காலை போய்விட்டாள். தம்பிக்கும் என் மனைவிக்கும் அன்றைக்கே டிக்கெட் போட்டோம். மதியத்துக்கு மேல் இருவரும் வந்து சேர்ந்து முகம் பார்த்தார்கள். அந்த டிக்கெட்டுகளின் விலை மகளிடம் இருக்கிறது. நான் இன்னும் கேட்டு எழுதவில்லை.