ஓடாத நேரம்

போன ஞாயிறு நானும் கூட்டாளியும் கோப்பெங்கிலிருந்து கம்பார் தாண்டி தெமோ வரை சைக்கிளில் போய்த் திரும்பினோம். அங்கே இங்கே சுற்றியதில் அறுபது கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 24 என்றது கைப்பேசி. அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன்.

"ஆறரைக்குப் போன. இப்ப மணி பதினொன்றரை. அஞ்சு மணி நேரத்துல அறுவது. இருவத்துநாலு எங்கேருந்துடா வந்துச்சு?"

பன்னிரண்டுதான். சக்கரம் நின்றால் செயலியும் கடிகாரத்தை நிறுத்திவிடும், நின்ற இரண்டரை மணி நேரம் கணக்கில் வராது என்று விளக்கினேன். "நல்லா இருக்குலா உங்க கணக்கு" என்றார்.

செயலியை முழுக்கக் குறை சொல்ல முடியாது. போன மாதத்தைவிடக் கால் தேறியிருக்கிறதா என்று பார்க்க ஓடிய நேரம்தான் வேண்டும். சிவப்பு விளக்கு என் காலின் குற்றமில்லை. ஆனால் அதே ஸ்ட்ராவாவில் ஒரு துண்டுச் சாலையில் யார் வேகம் என்று வரிசைப்படுத்தும்போது நின்ற நேரமும் சேரும். பிரெவே என்கிற நெடுந்தூர ஓட்டங்கள் இன்னும் கறார். சாப்பிட்டாலும் தூங்கினாலும் பஞ்சர் ஒட்டினாலும் கடிகாரம் ஓடும். 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 600க்கு 40 மணி. பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸில் சுமார் 1,200க்கு அதிகபட்சம் 90 மணி. 200ஐ வகுத்துப் பார்த்தால் மணிக்கு 15கூட வராது. கேட்க ஒன்றுமில்லாத வேகம். என் பன்னிரண்டோ அதற்கும் தேறாது.

அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இருட்டிலேயே பெரட்டுக்குப் போய், நெற்றி விளக்கோடு மரம் மரமாகக் கோடு போட்டு மங்கு வைத்துவிட்டு வந்தால், பால் சொட்டி முடியும்வரை காத்திருக்க வேண்டும். அப்போதுதான் பசியாறுவார்கள். கத்தி தீட்டுவார்கள். சண்டை போடுவார்கள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு சுற்று.

"அந்த நேரம் ஓய்வாம்மா, வேலையா?"

"மரத்தவிட்டுப் போக முடியுமா? மழ வந்தா ஓடிப்போயி எடுக்கணும். மங்குல தண்ணி பூந்துட்டா அன்னிக்கிப் பாடு அவ்ளோதான்."

எனக்கு உறைத்தது வேறு. செயலி தள்ளிய இரண்டரை மணியில் ஒரு மணி கம்பாரில் ரொட்டி சானாய்க்கும் தேத்தாரேக்கும் போனது. அதைத் தள்ளினால் தள்ளட்டும். மீதி, திரும்பும் வழியில் கோலா டிப்பாங்கில். கூட்டாளிக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு சாலையோரம் படுத்துவிட்டான். காலை நீவிவிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். போன வருஷம் வேலை போனதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்று அங்கேதான் சொன்னான். ஓடும்போது முன்னால் ஒருத்தன், பின்னால் ஒருத்தன், எங்கே பேச?

உண்மையில் அப்போது இரண்டு தடவை கைப்பேசியைப் பார்த்தேன், கடிகாரம் நின்றிருக்கிறதா என்று. அவனும் அதைப் பார்த்தான்.

நேற்று அந்தத் தானாய் நிற்கும் வசதியை அணைத்தேன். அவனுக்குச் செய்தி அனுப்பினேன்: ஞாயிறு ஆறரை, கோலா டிப்பாங் வரைக்கும் மட்டும். இன்னும் பதில் இல்லை.