நல்லி எலும்பும் நாய்ப்பல்லும்

ஞாயிற்றுக்கிழமை சமையலின் கணக்கு எங்கள் கால்நடை மருத்துவமனைக்குத் திங்கட்கிழமை காலையில் வந்துசேரும். ராத்திரியிலிருந்து எச்சில் ஒழுகுகிறது, கழுத்தை நீட்டி நீட்டி விழுங்கப் பார்க்கிறது, தண்ணீர்கூட நிற்கவில்லை என்பார்கள். “என்ன தின்னுச்சு?” என்றால், “எப்பவும் போடுற எலும்புதான் டாக்டர்.”

எந்த எலும்பு போடலாம் என்று கேட்பவர்கள் ஆடா, கோழியா என்றுதான் யோசிக்கிறார்கள். நான் முதலில் கேட்பது வெந்ததா, வேகாததா என்று. எலும்பை வளைந்துகொடுக்க வைப்பது அதிலுள்ள கொலாஜன் என்ற புரதம். வெந்தால் அது சிதைந்துவிடும். மிஞ்சுவது கடித்ததும் சில்லுசில்லாகத் தெறிக்கும். கோழியின் கால், இறக்கை எலும்புகள் மெல்லிய குழாய்கள் என்பதால் ஊசியாகவே பிளக்கும். பிரியாணி எலும்பு என்றால் வெங்காயமும் சேர்ந்து போகிறது; அது நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.

உணவுக்குழாயில் எலும்பு வழக்கமாகச் சிக்குவது மூன்று இடங்களில்: கழுத்து நெஞ்சுக்குள் நுழையுமிடம், இதயத்தின் அடிப்பகுதியை ஒட்டிய இடம், உதரவிதானத்துக்குச் சற்று முன். எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்துவிடும், அந்த மட்டில் நிம்மதி. பிளாஸ்டிக் என்றால் தேடவேண்டும். எண்டோஸ்கோப் வழியாக மேலே எடுக்கப் பார்ப்போம். வராவிட்டால் மெல்ல வயிற்றுக்குள் தள்ளுவோம், இரைப்பை அமிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். இதையே வீட்டில் சோற்று உருண்டையும் வாழைப்பழமும் கொடுத்துச் செய்யப் பார்த்தால் குழாய் கிழியும். உப்புத்தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பவர்களிடம் எனக்குக் கோபமே வரும்.

அப்படியானால் பச்சை எலும்பு? அவ்வளவாகத் தெறிக்காது, ஆனால் பல்லைக் கேட்கும். மாட்டின் நல்லி எலும்பைக் கடித்து, மேல்தாடையின் நான்காவது முன்கடைவாய்ப்பல் பட்டையாகப் பெயர்ந்து வருகிற நாய்கள் உண்டு. வட்டமாக நறுக்கிய நல்லி கீழ்த்தாடையில் வளையமாக ஏறி, கோரைப்பல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். மயக்க மருந்து கொடுத்து அறுத்தெடுக்க வேண்டியதுதான். சால்மோனெல்லா கிருமிக்காக, கைக்குழந்தை உள்ள வீட்டில் பச்சை எலும்பே வேண்டாம் என்பேன். கறிக்கடைக்காரர் சும்மா தரும் பச்சை ஈரல், நுரையீரல் அதைவிட மோசம். அவற்றில் நீர்க்கட்டி இருந்தால் நாயின் குடலில் நாடாப்புழுவாக வளரும். அதன் முட்டை நம் வயிற்றுக்குள் போனால் நம் ஈரலில் கட்டியாகும்.

முழுக்கப் பாதுகாப்பான எலும்பு எதுவும் இல்லை. விடாமல் கேட்பவர்களிடம் நாயைப் பற்றி விசாரிப்பேன். கடித்துக் குதறி, நிதானமாகச் சுரண்டித் தின்கிற நாயா, அப்படியே விழுங்குகிற நாயா? லாப்ரடார்களில் பல இரண்டாவது ரகம். அவற்றுக்கு எதுவும் சொல்வதில்லை. முதல் ரகத்துக்கு, ஆட்டின் நெஞ்செலும்பைத் துண்டுபோடாமல் பச்சையாக வாங்கச் சொல்வேன். அதன் குருத்தெலும்பு கட்டைவிரல் நகத்துக்கே பதியும். கூடவே நிற்கவேண்டும், விழுங்கும் அளவுக்குச் சிறுத்ததும் பிடுங்கிவிடவேண்டும். மறுநாள் மலம் சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெளுத்து இறுகினால் அதோடு நிறுத்திவிடலாம்.

“தெருநாய் எல்லாத்தையும் தின்னுட்டு நல்லாத்தானே இருக்கு?” என்பார்கள். செத்த தெருநாயின் வயிற்றை யார் அறுத்துப் பார்த்தார்கள்?

வெறும் எலும்பைத் தண்ணீரில் வேகவைத்து, கொழுப்பை எடுத்து, வடிகட்டிய சாற்றைச் சோற்றில் ஊற்றிக் கொடுங்கள். உப்பு, வெங்காயம், பூண்டு கூடாது. நாய்க்கு வேண்டியது பெரும்பாலும் அந்த வாசனைதான். வடிகட்டி மிஞ்சிய எலும்பை மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது.